டாட்ரா மலையடிவாரத்து மர இல்லங்கள்

போலந்து நாட்டிற்குத் திருப்பயணம் செல்லும் நம் மக்கள் பெரும்பாலும் செஸ்டகோவா அன்னையின் திருத்தலத்தையும், கிராக்கோவ் நகரின் இறை இரக்கப் பேராலயத்தையும், புனித இரண்டாம் அருள் சின்னப்பர் பிறந்த வாடோவிட்சே ஊரையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். வாய்ப்புள்ளோர் கிராக்கோவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸகோபானே வரை சென்று வருதல் நலம். டாட்ரா மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த அந்நகரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் பொட்ஹாலே என்று அழைக்கின்றனர். உயரத்திலுள்ள மலைப் புல்வெளிகளுக்குக் கீழே கிடக்கும் நாடு என்பது அதன் பொருள்.

அப்பகுதியில் மூன்று நாள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மலைகளின் மாட்சியைப் பற்றி எழுதப் பலர் உளர். நாம் எழுத விழைவது, அம்மலைமக்கள் வாழும் மர வீடுகளின் உட்புறத்தைப் பற்றியே. வீட்டை அழகு செய்வது என்றாலே கடைக்குச் சென்று பொருள் வாங்குவது என்று எண்ணும் இக்காலத்தில், கையிலிருப்பதையும் காட்டிலிருப்பதையும் கொண்டே இல்லத்தை எழிலுறச் செய்த அம்மக்களின் பாங்கு சிந்தனைக்கு உரியது.

பிளந்த மரமும் பின்னிய சீவலும்

ஸகோபானேக்கு வடமேற்கில் ஹோஹோவுஃப் என்னும் சிற்றூர் உள்ளது. நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மர வீடுகள் வரிசையாக நிற்கின்றன. நெடிய அடிமரங்களை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வுமாறு வெட்டிப் பொருத்தியிருக்கின்றனர். சில வீடுகளின் சுவரில் ஒரு மரத்துண்டு ஓராள் மார்பளவு அகலம் இருக்கிறது. 1889-இல் எழுந்த ஒரு வீட்டை, ஒரே ஒரு ஃபிர் மரத்தைக் கொண்டு கட்டியது என்று ஊரார் பெருமையோடு காட்டுகின்றனர். 1798-ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றொரு வீடு, 1846-இல் அவ்வூரில் நிகழ்ந்த எழுச்சியை நினைவுகூரும் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

மரத்திற்கும் மரத்திற்கும் இடையே உள்ள இடுக்கு வழியே பனிக்காற்று புகாதோ என நாம் வினவினோம். முற்காலத்தில் காட்டுப் பாசியைத் திணித்தனர். பின்னர் மரத்தை நூல்போல் மெல்லிய சீவலாக இழைத்து, பெண்கள் கூந்தலைப் பின்னுவதுபோல் பின்னி, அப்பின்னலை இடுக்கில் வைத்து அறைந்தனர். சுவரின் குறுக்கே பொன்னிறக் கயிறுபோல் ஓடும் அப்பின்னலே வீட்டிற்கு முதல் அணிகலன். காற்றைத் தடுக்க வந்தது கண்ணுக்கும் விருந்தாயிற்று. கூரைக்கு வேயும் மர ஓடுகளையும் பழைய தச்சர் வாளால் அறுப்பதில்லை, நார்ப்போக்கிலேயே பிளப்பர். நார் அறுபடாத ஓட்டில் மழைநீர் ஊறாமல் வழிந்தோடிவிடும்.

அச்சுவர்களுக்கு வண்ணமும் மெருகெண்ணெயும் பூசுவது அவ்வூர் வழக்கமன்று. ஆண்டுக்கு ஒருமுறை, பெருவிழாவை முன்னிட்டு, வீட்டுப் பெண்கள் சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு வெளிச்சுவரைத் தேய்த்துக் கழுவுகின்றனர். பக்கத்து ஊர்களின் மர வீடுகள் வெயிலிலும் மழையிலும் கருத்துக் கிடக்க, இவ்வூர் வீடுகள் நேற்று இழைத்தவைபோல் வெளிர்நிறமாக ஒளிர்வது இதனாலேயே. சுவரைக் கழுவி வரவேற்கும் அவ்விழாவை அவ்வூர்க் குழந்தைகள் எப்படி மறப்பர்!

கறுப்பறையும் வெள்ளறையும்

வாயிலைக் கடந்ததும் நடுவே ஒரு நடை. அதன் ஒருபுறம் கறுப்பறை, மறுபுறம் வெள்ளறை. கறுப்பறையில் அடுப்பு எரிந்தது. சமையலும் உறக்கமும் அன்றாட வேலைகளும் அங்கேயே நடந்தன. புகைபோக்கி இல்லாத நாள்களில் புகை படிந்து அதன் சுவர்கள் கருத்தமையால் அப்பெயர். புகை புகாத வெள்ளறையோ விழாவுக்கும் விருந்தினருக்கும் உரியது. மணப்பெண்ணின் சீர்ப்பெட்டி, விழாக்கால உடை, திருப்படங்கள் யாவும் அங்கேதான்.

வெள்ளறையின் கூரையைத் தாங்கும் நடு உத்திரத்திற்கு அவர்கள் மொழியில் சோஸ்ரெம்ப் என்று பெயர். அதில் ஆறிதழ் மலரை வட்டத்துக்குள் செதுக்கி, வீடு எழுந்த ஆண்டையும் கட்டுவித்தவர் பெயரையும் பொறிப்பர். இயேசுவின் திருப்பெயரெழுத்துகள் கொண்ட உத்திரங்களும் உண்டு. வீட்டின் பாரத்தைச் சுமக்கும் மரமே வீட்டின் வரலாற்றையும் சுமக்கிறது. தனியே ஓர் அலங்காரப் பொருளை வாங்கி மாட்டவேண்டிய தேவை அங்கே எழவில்லை.

சுவரின் மேற்பகுதியில் ஓடும் நீண்ட மரச்சட்டத்தில் கண்ணாடி ஓவியங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி முன்புறமிருந்து காணும் ஓவியங்கள் அவை. காகிதத்தில் கடைசியாக இடும் முகக்கோட்டை இங்கே முதலில் இடவேண்டும். பின்னணி வண்ணம் கடைசியில் வரும். அன்னை மரியும் புனிதர்களும் ஒளிரும் அச்சட்டத்தின் அருகே, மரக்கரண்டிகளைச் செருகிவைக்கும் செதுக்குப் பலகையையும் காணலாம். ஏழைக் குடியானவனின் கரண்டிப்பலகையிலும் பூ வேலைப்பாடு உண்டு.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸகோபானே உல்லாச நகராக வளர்ந்தபோது, செல்வர்கள் சுவிஸ் நாட்டுப் பாணியில் மாளிகைகள் எழுப்பலாயினர். ஓவியரும் எழுத்தாளருமான ஸ்தானிஸ்லாவ் வித்கியேவிச் (1851 - 1915) அப்போக்கை எதிர்த்தார். உள்ளூர்த் தச்சனின் கையில் இவ்வளவு அழகு இருக்க, அயல்நாட்டு அச்சை ஏன் தேடவேண்டும் என்பது அவரது வாதம். அவரது திட்டப்படி 1892 - 1893இல் எழுந்த கோலிபா என்னும் மர மாளிகை இன்று அருங்காட்சியகமாக உள்ளது. யாஷ்சுரூஃப்காவில் 1904 முதல் 1907 வரை கட்டப்பட்ட திரு இருதய மரக் கோவிலும் அவர் வரைந்ததே.

பழையதற்குப் புதுவாழ்வு

பழைய பொருளை மீண்டும் பயன்படுத்துவது அம்மக்களுக்குப் புதிதன்று. நொவி தார்க் நகருக்குக் கிழக்கேயுள்ள டெம்ப்னோ ஊரில், லார்ச் மரமும் ஃபிர் மரமும் கொண்டு 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித மிக்கேல் அதிதூதர் ஆலயம் உள்ளது. 2003-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம்பெற்ற தென்போலந்து மர ஆலயங்கள் ஆறனுள் அதுவும் ஒன்று. அங்கே குறுக்கு உத்திரத்தின்மேல் நிற்கும் பாடுபட்ட சுரூபம் 1380-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதாவது, ஆலயத்தினும் மூத்தது. புதுக் கோவில் எழுந்தபோது பழைய சிலுவையை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. விதானப் பலகைகளைச் சுமார் 1500-ஆம் ஆண்டளவில் அணிசெய்தவர்களும், வெட்டிய அச்சுகளையே மீண்டும் மீண்டும் வைத்து வண்ணமிட்டு, கோவில் முழுவதையும் பூங்காவாக்கிவிட்டனர்.

அண்மைக்கால எடுத்துக்காட்டும் உண்டு. 1997 ஜூன் 6 அன்று ஸகோபானேயில் பனிச்சறுக்கு மேடையின் அடிவாரத்தில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் திருப்பலி நிறைவேற்றினார். அதற்காக மலைமக்கள் மரத்தால் அமைத்த பீடத்தை விழா முடிந்ததும் விறகாக்கவில்லை. க்ஷெப்தூஃப்கியிலுள்ள பாத்திமா அன்னை திருத்தலத்திற்குக் கொண்டுசென்று மீண்டும் நிறுவினர்.

நிற்பதும் விழுந்ததும்

நாம் தங்கிய வீடு ஒரு விதவைத் தாய்க்கும் அவர் மகனுக்கும் உரியது. பொட்ஹாலே மக்கள் பலரைப் போலவே அம்மகனும் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பல்லாண்டு தச்சுவேலை செய்து திரும்பியவர். ஆங்கிலமறிந்த அவரே வீட்டைச் சுற்றிக் காட்டினார். பழைய வீட்டின் அருகே விருந்தினருக்கென ஒரு புது மர வீட்டைக் கட்டியிருந்தார். அதன் உட்புறத்தை அணிசெய்தது, ஒரு பனிக்காலத்தில் பாரம் தாங்காது சரிந்த பழைய வைக்கோற் கொட்டகை.

கொட்டகையில் கதிரடித்த தளத்தின் தடித்த பலகைகள் உணவு மேசையாகியிருந்தன. உத்திரம் ஒன்று அடுப்பின் மேற்சட்டமாயிற்று. வெயிலில் வெள்ளிபோல் நரைத்த வெளிப்பலகைகள் படுக்கையறைச் சுவரில் பதிந்திருந்தன. பழைய சன்னற்சட்டம் முகக்கண்ணாடியைத் தாங்கியது. தரையில் கிடந்த வண்ணக்கோட்டு விரிப்புகளைத் தாயே நெய்தாராம். கிழிந்த சட்டைகளையும் போர்வைகளையும் நாடாக்களாகக் கிழித்து ஊடையாக ஓட்டியவை அவை. அவற்றுள் ஒரு நீலக்கோட்டைத் தொட்டுக் காட்டி, "இது என் வீட்டுக்காரரின் வேலைச்சட்டை" என்றார் அம்மூதாட்டி.

"பழைய மரம் என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது" என எச்சரித்தார் மகன். அவர் கூறியவற்றை வாசகர் நலன் கருதித் தருகிறோம். பழைய மரத்தில் மறைந்திருக்கும் ஆணிகளைக் களைந்த பின்னரே இழைப்புளி இடவேண்டும். துளைப்புழு இருக்குமாயின் சூளையில் வெப்பமூட்டியே வீட்டிற்குள் சேர்க்கவேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடும். அதனைச் சுரண்டியோ உராய்ந்தோ தூசாக்குவது குழந்தைகளுக்கு நஞ்சூட்டுவதாகும். தார் எண்ணெய் ஊறிய பழைய இரயில் கட்டைகளை வீட்டினுள் பயன்படுத்துவதே தகாது. மரத்திற்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். நெகிழித்தோல்போல் மூடும் பூச்சு உள்ளிருக்கும் ஈரத்தைச் சிறைப்படுத்தி மரத்தை உளுக்கச் செய்யும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடும். ஆதலின் விரித்து உலர்த்தவேண்டும். புதிய மரச்சுவர் உலர உலரச் சில ஆண்டுகள் தாழ்ந்துகொண்டேயிருக்கும்; எனவே கதவு சன்னல்களுக்கு மேலே இடம்விட்டு அதில் கம்பளி திணிப்பர். உயர்ந்த அலமாரியை மேலும் கீழுமாகச் சுவரில் ஆணியடித்து இறுக்குவதும் இல்லை.

ஆனால் அவ்வீட்டில் ஒரு மனக்கவலையும் இருந்தது. பழைய மரத்திற்கு மதிப்பு ஏறிவிட்டதால், வணிகர் ஒருவர் வந்து, தாய் வாழும் பழைய வீட்டையே பிரித்துத் தருமாறு நல்ல விலை பேசியிருந்தார். அதன் உத்திரமும் சுவர்மரமும் தொலைதூர நகரில் ஓர் உணவு விடுதியை அழகு செய்யுமாம். கூரை ஒழுகுகிறது, சீர்செய்யப் பெரும்பணம் வேண்டும், தாய்க்குப் பின் அங்கு வாழ எவருமில்லை என்பது மகனின் நியாயம். அதில் பொய்யில்லை. தாயோ நம்மை வெள்ளறைக்கு அழைத்துச் சென்று, உத்திரத்தில் செதுக்கியிருந்த தம் கணவரின் பாட்டனார் பெயரைக் காட்டினார். அவர் கூறியதை மகன்தான் நமக்கு மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று: "கொட்டகை தானாக விழுந்தது; எடுத்துக்கொண்டோம். வீடு நிற்கிறது. நிற்பதை ஏன் சாய்க்கவேண்டும்?"

மகன் மொழிபெயர்த்து முடித்து, சற்று நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். நாம் விடைபெறும்வரை வணிகருக்கு விடை அனுப்பப்படவில்லை.

அத்தாயின் சொல்லில் ஓர் அளவுகோல் இருக்கிறது. விழுந்ததை எடுத்து வாழ்வளிப்பது சிக்கனம், அறமும் ஆகும். அழகுக்காக நிற்பதை வீழ்த்தினால், மரம் பழையதாயினும் செயல் வீண்செலவே. இயற்கைக்கு உகந்தது என்னும் பெயர்ப்பலகையைத் தொங்கவிட்டாலும் அது மாறாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், ஒரு பொருளை உடனே எறியாமல் நல்ல நோக்கத்தோடு மீண்டும் பயன்படுத்துவதும் அன்புச் செயலாகக் கூடும் என்று கற்பித்தார். ஒரு சட்டை தரைவிரிப்பாகிய அந்த இல்லத்தில் அப்போதனை நமக்குக் கண்கூடாயிற்று.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இல்லத்தைப் புதுப்பிக்கும் எண்ணம் உங்களுக்கு வரும்போது, முதலில் வாங்கவேண்டியவற்றின் பட்டியலை எழுதாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எது இன்னும் பாரம் தாங்குகிறது, எது வேறொரு பணிக்குக் காத்திருக்கிறது, எதில் யாருடைய கைவேலை இருக்கிறது என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களைக் குழந்தைகளும் அருகிருந்து கேட்கட்டும்.