ஆனந்தி வளர்ந்த விதம்

2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 'பாலிகா வதூ' என்னும் இந்தித் தொலைக்காட்சித் தொடர் ஆரம்பமாயிற்று. அப்போது நாங்கள் நாகபுரி ரயில்வே குடியிருப்பில் வசித்து வந்தோம். இராஜஸ்தான் கிராமமொன்றில் எட்டு வயதிலேயே மணம் முடிக்கப்பட்ட ஆனந்தி என்னும் சிறுமியின் கதை அது. என் தங்கைக்கு அப்போது பிராயம் பதினொன்று. ஆனந்தியாக நடித்த அவிகா கோருக்கும் அதே பிராயந்தான். இரவு எட்டு மணியானால், தோழியைக் காணச் செல்பவளைப்போல் தங்கை பெட்டியின் முன் அமர்ந்துவிடுவாள்.

அன்னைக்கு அதுவரை காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவே இந்தி தெரியும். அத்தொடரே அவருக்கு ஆசானாயிற்று. ஊரில் பாட்டி அதனையே 'மண் வாசனை' என்ற பெயரில் தமிழில் பார்த்து வந்தார். தொலைபேசியில் இருவரும் ஆனந்தியின் புக்ககச் செய்திகளை உறவினர் வீட்டுச் செய்திகளைப்போல் பேசிக்கொள்வர்.

2010ஆம் ஆண்டில் கதை திடீரென ஐந்து ஆண்டுகளைத் தாண்டியது. சிறுமி மறைந்தாள், அவளிடத்தில் பிரத்யூஷா பானர்ஜி என்ற இளநங்கை வந்து நின்றார். அன்றிரவு தங்கை சரியாக உண்ணவில்லை.

"ஆனந்தி எங்கே போனாள், அண்ணா?"

"வளர்ந்துவிட்டாள்."

"ஒரே நாளிலா?"

விடை கூறத் தெரியாமல் நான் சிரித்தேன்.

2012இல் தந்தையார் காலமானார். மெட்ரிகுலேஷன் மட்டுமே தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை கிட்டியது. மறு ஆண்டு தாய்மாமன் ஊரிலிருந்து வந்தார். "நல்ல இடம், பையனுக்குச் சொந்தக் கடை இருக்கிறது. பெண்ணுக்குப் பதினாறு ஆகிவிட்டதே" என்றார். பெண்ணுக்குப் பதினெட்டு நிரம்ப வேண்டும் என்று சட்டம் இருப்பதை நான் அறிவேன். ஆயினும் மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன் என் கண்முன் நின்றது. திண்ணையில் மாமா தனியே கேட்டபோது, "உங்கள் விருப்பம், மாமா" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அன்னை காப்பியை அவர்முன் வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார்:

"அண்ணா, எனக்கும் பதினாறில்தான் மணம் செய்துவைத்தீர்கள். அந்தத் தொடரில் ஐந்து வருஷத்தை ஒரே இரவில் தள்ளிவிட்டார்கள். என் வாழ்விலும் அப்படித்தான் நடந்தது. இவளாவது ஒவ்வொரு நாளாக வளரட்டும்."

மாமா காப்பியைத் தொடாமலே புறப்பட்டார். ஈராண்டு எங்களுடன் பேச்சில்லை.

அதே 2013இல் ஆனந்திக்கு மூன்றாம் முகம் வந்தது. தோரல் ரஸ்புத்ரா அவ்வேடத்தை ஏற்றார். இரண்டாயிரம் பகுதிகளுக்குமேல் ஓடி, 2016 ஜூலையில் தொடர் முடிவுற்றது. திரையில் ஒரு பெண் வளர்வதற்கு மூன்று நடிகையர் தேவைப்பட்டனர். எங்கள் வீட்டிலோ ஒருத்தியே வளர்ந்தாள். கணக்கில் தவறினாள், காய்ச்சலில் கிடந்தாள், என்னுடன் சண்டையிட்டாள், கூட்டுறவுச் சங்கக் கடனில் செவிலியர் பயிற்சி முடித்தாள். இருபத்தைந்தாம் வயதில், தானே சம்மதித்து மணம் புரிந்தாள். மாமாவே முன்னின்று தாலியை எடுத்துக் கொடுத்தார்.

திண்ணையில் அன்று நான் சொன்ன வார்த்தையைத் தங்கை இதுவரை அறியாள். நம் சங்கத்து இதழை அவள் தவறாமல் படிப்பவள், இனி அறிவாள்.