அலை பாடும் தரங்கம்பாடி

கடற்கரை என்றதும் நம்மில் பலருக்கு மெரினாதான் கண் முன்னே வரும். சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன், குதிரை சவாரி, 'அம்மா, அது வேணும், இது வேணும்' என்று புடவையைப் பிடித்து இழுக்கும் குழந்தைகள்... காற்று வாங்கப் போய்விட்டு, சந்தைக்குப் போய் வந்த களைப்போடு வீடு திரும்புவோம். சத்தமில்லாமல் உட்கார்ந்து அலையை மட்டும் கேட்க ஒரு இடம் உண்டா என்றால், உண்டு. மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடிதான் அது. 'தரங்கம்' என்றால் அலை. அலை பாடும் ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் காது கொடுத்துக் கேட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

போன தை மாதம் என் மாமனாருக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்து வைத்தோம். திருச்சியிலிருந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டோம். பெரியவர்கள் எட்டுப் பேர், குழந்தைகள் ஐந்து பேர். என் ஓரகத்தியின் நாலு வயதுப் பையன்தான் கடைக்குட்டி. 'அவ்வளவு தூரம் போகிறோமே, பக்கத்தில் தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாமே' என்று யோசனை சொன்னது என் மாமியார். எழுபத்தைந்து வயது, இரண்டு முழங்காலிலும் வலி. "கடலைப் பாத்ததெல்லாம் ராமேஸ்வரத்துல தீர்த்தமாடத்தான். ஈரப் புடவையோட முங்கி எழுந்து ஓடி வந்ததுதான் மிச்சம். சும்மா உக்காந்து ஒரு தடவ பாக்கணும்டி" என்றார். எங்கள் வீட்டில் அவர் வாயைத் திறந்து தனக்கென்று ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. யாருக்கு மறுக்க மனசு வரும்?

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் திருக்கடையூர் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கும்பகோணத்தில் இறங்கி டிகிரி காபி குடிக்காமல் போனால் அந்தப் பாதைக்கே மரியாதை இல்லை; குடித்தோம். சம்பா அறுவடை சமயம். வழி நெடுகக் கதிர்க்கட்டும் வைக்கோல் வாசனையும்தான். சில இடங்களில் ரோட்டின் பாதியில் நெல்லைக் காயப் போட்டிருந்ததால் வேன் ஆமை மாதிரி ஊர்ந்தது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயிலே ஓடியதாம். 1980-களில் நின்று போய்விட்டது. அதில் சின்ன வயதில் போயிருக்கிறேன் என்று மாமனார் கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த ஸ்தலம் அல்லவா திருக்கடையூர்? சதாபிஷேகம் மனநிறைவாக நடந்தது. சாப்பாட்டை முடித்துக்கொண்டு தெற்கே கிளம்பினோம். பத்து கிலோமீட்டர் கூட இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் தரங்கம்பாடிக் கோட்டை வாசலில் இருந்தோம்.

ஊருக்குள் நுழையும்போதே ஒரு பெரிய வெள்ளை வாசல் நிற்கிறது. 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதைத் தாண்டினால் அகலமான ஒரு தெரு நேராகக் கடலைப் பார்க்கப் போகிறது. இரண்டு பக்கமும் பழைய மாதா கோயில்கள், தூண் வைத்த வீடுகள். ஒன்று 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம். இன்னொன்று 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். தெரு முடிகிற இடத்தில் டேனிஷ் கோட்டை. அதற்கு அந்தப் பக்கம் கடல். பஜ்ஜிக் கடை வரிசை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. வேன் எஞ்சினை நிறுத்தினதும் 'ஹோ' என்று அலைச் சத்தம்தான் கேட்டது. குழந்தைகள் கூட ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டன!

டென்மார்க் எங்கே, தரங்கம்பாடி எங்கே என்று உங்களுக்குத் தோன்றும். மிளகு ஆசைதான் காரணம். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு, ஓவ கெத்தே என்ற தளபதி இந்தக் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார். டேன்ஸ்போர்க் என்று பெயர். கீழே சரக்கு அறைகள், சிறைக்கூடம். மேலே அதிகாரிகள் தங்கிய அறைகள். இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். வங்காளத்தில் இருந்த ஸ்ரீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்! ஊரையே விலை பேசியிருக்கிறார்கள் என்றதும் என் பெண், "அப்போ ஊர்ல இருந்தவங்க கிட்ட யாராவது கேட்டாங்களாம்மா?" என்றாள். பதில் தெரியாமல் நானும் கடலைத்தான் பார்த்தேன்.

நாம் மறக்கக் கூடாத இன்னொரு விஷயம், தமிழில் அச்சுப் புத்தகம் பரவ இந்தச் சின்ன ஊர் செய்த உபகாரம். 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் தமிழ் கற்று, பள்ளிக்கூடம் நடத்தி, அச்சகம் வைத்துத் தமிழில் புத்தகங்கள் போட்டார். பெண் குழந்தைகளையும் அந்தக் காலத்திலேயே உட்கார வைத்துப் படிப்பு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இன்று நாம் கையில் பத்திரிகையை வைத்துக்கொண்டு படிக்கிறோம் என்றால், அதற்கு இந்தக் கடற்கரையிலும் ஒரு வேர் இருக்கிறது.

கோட்டைக்கு வடக்கே கரையோரமாக மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் கட்டப்பட்டது. ஊருக்குச் சடங்கன்பாடி என்ற பழைய பெயர் இங்கிருக்கும் கல்வெட்டில்தான் இருக்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விட்டது. பிறகு திருப்பணி செய்து, அலை அடிக்காமல் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் அலை மோதித் தெறிப்பதைப் பார்த்துக்கொண்டே மாமியார் சொன்னார்: "ராஜா கட்டினதையே தூக்கிண்டு போயிருக்கு பாரு. அழகா இருக்கேன்னு ஏமாறக் கூடாது."

அந்த வார்த்தை சொல்லி வாய் மூடவில்லை. குழந்தைகள் செருப்பை உதறிவிட்டு, கோட்டைக்குத் தெற்கே தண்ணீரைப் பார்த்து ஓட ஆரம்பித்தன. 'நுரையே இல்லாமல் அமைதியாக இருக்கிறதே, இங்கே இறங்கலாம்' என்று என் கொழுந்தன் ஒரு இடத்தைக் காட்டினார். அப்போது தலையில் காலி அன்னக்கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண்மணி நின்றுவிட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"ஏம்மா, புள்ளைங்கள அங்க எறக்காதீங்க. நுரை அடிக்கிற எடத்துல கூட முழங்கால் தண்ணில நிக்கலாம். நுரையில்லாம கறுப்பா, சும்மா கெடக்குற மாதிரி இருக்கு பாருங்க, அங்கதான் இழுப்பு. ஆள உள்ள கொண்டு போயிரும்."

என் மாமியார் அவரை விடவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி, சதாபிஷேக லட்டு இரண்டைக் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் மணலில் கால் நீட்டிப் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு 2004 டிசம்பர் 26-க்குப் போனது. சுனாமியில் அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தரங்கம்பாடியும் அதில் அடிபட்ட ஊர். "ஞாயித்துக்கெழம காலைல. மூத்தவ வெளிய விளையாடிக்கிட்டிருந்தா. ஏழு வயசு" என்று மட்டும் சொன்னார் அந்த அம்மாள். மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எழுந்து போகும்போது அவர் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: "பயந்துக்க வேணாம்மா. எங்களுக்குச் சோறு போடறதும் இதுதான். முதுகு மட்டும் காட்டாதீங்க. புள்ளைங்க மேல ஒரு கண்ணு எப்பவும் இருக்கட்டும்."

'ஒரு கண்' என்றாரே, அதை நான் யோசித்தேன். நாங்கள் பெரியவர்கள் எட்டுப் பேர். 'நாங்கதான் இத்தனை பேர் இருக்கோமே' என்று ஆண்கள் சொன்னார்கள். எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் 'மற்றவர் பார்த்துக்கொள்வார்' என்று எட்டுப் பேரும் இருந்துவிடுவோம். கடைசியில் அது அம்மாக்களின் தலையில் விழும். வீட்டில்தான் அடுப்பையும் குழந்தையையும் ஒரே சமயத்தில் பார்க்கிறோம் என்றால், ஊருக்கு வந்தும் அதே வேலையா?

அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். என் பையில் இருந்த சிவப்புத் துண்டை எடுத்தேன். துண்டு யார் தோளில் இருக்கிறதோ, அவர்தான் அந்த அரை மணிக்குக் காவல். அவர் போன் பார்க்கக் கூடாது, பேச்சில் மூழ்கக் கூடாது, குழந்தைகளுக்குக் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அரை மணி ஆனதும் துண்டை அடுத்தவர் தோளில் போட்டு, 'உங்க முறை' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். மாமனார், மாமியாரை விட்டுவிட்டு மற்ற ஆறு பேருக்கும் முறை வைத்தோம். முதல் துண்டு என் கணவர் தோளில்! குழந்தைகளுக்கும் கணுக்கால் தண்ணீர்தான் எல்லை என்று மணலில் கோடு கிழித்துக் காட்டினோம்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், என் முறை வரும்வரை எனக்கு ஒரு வேலையும் இல்லை! 'என்ன சமைக்கணும், எது தீர்ந்து போச்சு' என்ற கணக்கே இல்லாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் விழித்துக்கொண்டே ஓய்வெடுத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் விடிகாலை எல்லோரும் மறுபடி கரைக்குப் போனோம். கிழக்குக் கடற்கரை ஆயிற்றே, சூரியன் தண்ணீருக்குள்ளிருந்தே எழுந்து வருகிறது. மாமியார் கால் நனைக்க ஆசைப்பட்டார். மாமனார் கையைக் கொடுக்க, இரண்டு பேரும் நுரை வந்து தொடும் இடம் வரை மெள்ள நடந்தார்கள். சிவப்புத் துண்டோடு என் கொழுந்தன் பக்கத்திலேயே நின்றார். "முட்டி வலி தெரியலைடி" என்றார் மாமியார். குளிர்ந்த தண்ணீராலா, சந்தோஷத்தாலா என்று நான் கேட்கவில்லை.

தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், அது உடம்புக்கு நல்லது என்று பலர் சொல்வார்கள். ஓசோன் வானத்தில் உயரே இருந்தால்தான் நமக்குக் குடை. நாம் மூச்சு விடும் காற்றில் அதிகமானால் நுரையீரலுக்குக் கெடுதல். இங்கே நமக்குச் சுகம் தருவது புகையில்லாத கடல் காற்றும், சத்தமில்லாத பொழுதும்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் மருந்தைக் கட்டாயம் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

குழந்தைகளோடு போகிற சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

தை முதல் பங்குனி வரை போவது சௌகரியம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வரும், கடல் கொந்தளிக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னும், நாலு மணிக்குப் பிறகும் கரைக்குப் போங்கள்.

அமைதியான கரையில் கடைகள் குறைவு. குடிதண்ணீர், உப்புப் போட்ட மோர், புளியோதரை, மாற்றுத் துணி எல்லாம் வீட்டிலிருந்தே வரட்டும். கழிப்பறைக்கு, தங்கும் இடத்திலேயே போய்விட்டு வருவது நல்லது. விளையாடி முடித்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டாவிட்டால் உப்பும் மணலும் சேர்ந்து குழந்தையின் தொடை இடுக்கைப் புண்ணாக்கிவிடும்.

சொறி மீன் பட்டு எரிந்தால் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது. சத்தமே வராமல் முங்கிவிடும். அதனால் காதை நம்பாமல் கண்ணை நம்புங்கள்.

யாரையாவது அலை உள்ளே இழுத்தால், கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கரையோரமாகப் பக்கவாட்டில் போனால் இழுப்பு விட்டுவிடும். கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்காமல் கயிறோ, மூடி போட்ட காலி கேனோ வீசி, மீனவர்களைக் கூப்பிட வேண்டும்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் வேண்டாம். மூச்சில்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அமுக்க வேண்டும். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இந்த முதலுதவியை முறையாக ஒரு தடவை கற்றுக்கொள்வது ஒவ்வொரு தாய்க்கும் நல்லது.

கடைசியாக, ஒரு சிவப்புத் துண்டு. விலை அதிகமில்லை. அதை முதலில் அப்பாக்கள் தோளில் போடுங்கள்!