ஆற்றின் மேல் பழி போடாதீர்கள்

1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து கிளம்பிய ஊர்வலத்தில் மாஞ்சோலை மலையில் உள்ள எங்கள் ஊத்து எஸ்டேட் பெண்களோடு நானும் நடந்தேன். அப்பா அப்போது திருச்சி ஜெயிலில் இருந்தார். கூலி உயர்வு கேட்டுப் போராடிய மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 652 பேரை உள்ளே வைத்திருந்தார்கள். அவர்களை விடச் சொல்லி கலெக்டரிடம் மனு கொடுக்கத்தான் போனோம். புதிய தமிழகம் கட்சியின் டாக்டர் கிருஷ்ணசாமியும் வேறு கட்சித் தலைவர்களும் முன்னால் போனார்கள்.

கொக்கிரகுளத்தில் ஒரு பக்கம் கலெக்டர் ஆபீஸ், மறுபக்கம் தாமிரபரணி. போலீஸ் லத்தி எப்போது இறங்கியது என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்ல முடியாது. கண்ணீர்ப் புகை, வானத்தை நோக்கிச் சுட்ட சத்தம். ஓட வழி ஆற்றுப் பக்கம் மட்டும்தான். “எய்யா, ஆழத்துக்குப் போவாத, கரையப் பிடிச்சிக்க!” என்று பக்கத்து லைன் வீட்டுச் சித்தி கத்தினாள். தண்ணீருக்குள் தத்தளித்தவர்களையும் அடித்தார்கள், கல்லெறிந்தார்கள். பார்த்தேன். கொழுந்து பறித்தே வளர்ந்த எங்களில் பலருக்கு நீச்சல் தெரியாது.

செத்தது 17 பேர். அதில் ஒன்று கைக்குழந்தை.

இதை விசாரித்த நீதிபதி மோகன் கமிஷன் போலீஸ் நடவடிக்கையை நியாயம் என்றது. பெரும்பாலானவர்கள் நீரில் மூழ்கி இறந்தார்களாம். மூழ்கும்படி விரட்டியது யார்? அன்று நடந்ததைப் பற்றி ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த ஆவணப்படத்தில் எல்லாம் இருக்கிறது, பார்க்காதவர்கள் பாருங்கள்.

பல வருஷம் கழித்து அமெரிக்காவின் செல்மா நகரைப் பற்றிப் படித்தேன். 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்களை, அலபாமா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் போலீஸ் அடித்து நொறுக்கியது. புத்தகத்தை மூடிவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை. ஆனால் அங்கே அதே ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. எங்களுக்கு வந்தது நிவாரணப் பணமும் ஒரு கமிஷன் அறிக்கையும். நிறத்தைப் பார்த்து அங்கே ஓங்கிய தடியை இங்கே சாதியைப் பார்த்து ஓங்கினார்கள் என்றே இன்றும் நம்புகிறேன். மாஞ்சோலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தலித் கூலிக்காரன் கொடி பிடித்து கலெக்டர் ஆபீசுக்கு நடந்து வருவதே அதிகாரத்துக்குக் கலவரமாகத் தெரிந்தது.

எங்கள் மாஞ்சோலை மலையில் சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 8,374 ஏக்கர் காட்டைத் தோட்டக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. அந்தக் காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கியது எங்கள் தாத்தாக்களும் பாட்டிகளும். குத்தகை 2028-இல்தான் முடிகிறது. ஆனால் 2024-லேயே, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கச் சொல்லிவிட்டது கம்பெனி. தலைமுறை தலைமுறையாக லைன் வீட்டில் வாழ்ந்த எங்களுக்கு அந்த மலையில் ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமில்லை.

அந்த 17 பேரும் ஆற்றில் மூழ்கிச் செத்தார்கள் என்று இனி யாரும் எழுத வேண்டாம். அவர்களை விரட்டிக் கொன்றார்கள்.