முந்தி வந்த வெம்மை

பயிரைக் கெடுப்பது குளிர், காப்பது வெயில் என்பதே பொதுவான எண்ணம். பிரான்சு நாட்டின் ஷாப்லி திராட்சைத் தோட்டங்களை அறிந்தோரிடம் அவ்வெண்ணம் நிலைக்காது.

பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஷாப்லி. காரைக்காலிலிருந்து சென்று பாரிசில் குடியமர்ந்துவிட்ட உறவினர் ஒருவருடன் நாம் அங்குச் சென்றது குளிர்காலம். சரிவெங்கும் கொடிகள் இலையின்றி உறங்கிக் கிடந்தன. அவ்வுறக்கத்தில் உறைநிலைக்குப் பல டிகிரி கீழான குளிரையும் கொடி தாங்கும். சராசரி வெப்பம் 10 டிகிரி செல்சியசை எட்டும்போது அது விழித்து மொட்டு விடுகிறது. விரிந்த இளந்தளிரோ, உறைநிலைக்குச் சற்றே கீழிறங்கினாலும் கருகிவிடும்.

2021 மார்ச்சு இறுதியில் பிரான்சில் கோடையை ஒத்த வெயில் அடித்தது. கொடிகள் விழித்துக்கொண்டன. ஏப்ரல் முற்பகுதியில் வடதுருவக் குளிர்காற்று இறங்கிற்று. உழவர்கள் இரவெல்லாம் கண்விழித்துக் கொடி வரிசைகளிடையே மெழுகுத் தீச்சட்டிகளை ஏற்றினர். சிலர் கொடிகளின்மீது நீர் தெளித்தனர். ஒரு கிராம் நீர் உறைகையில் 80 கலோரி வெப்பம் வெளிப்படும். ஆதலால் தெளித்துக்கொண்டே இருந்தால் பனிக்கட்டிக் கூட்டுக்குள் மொட்டு பிழைத்திருக்கும். இத்தனைக்குப் பிறகும் நேர்ந்த இழப்பு பெரிது. இந்நூற்றாண்டுத் தொடக்கத்தின் மிகப் பெரிய வேளாண் பேரிடர் இதுவாகவே இருக்கலாம் என்றார் அந்நாட்டு வேளாண் அமைச்சர்.

ஷாப்லியைப் போலவே பர்கண்டிப் பகுதியைச் சேர்ந்த போன் நகரில், 1354 முதல் 2018 வரையிலான திராட்சை அறுவடை நாட்களை ஆய்வாளர்கள் தொகுத்துள்ளனர். 1988க்குப் பின் அறுவடை சராசரியாக 13 நாட்கள் முந்திவிட்டதாம். உலகம் சூடேறச் சூடேறக் கொடி முந்தி விழிக்கிறது. உறைபனி வரும் காலமோ இன்னும் கடந்தபாடில்லை.

அக்கனிகள் மதுவாகவே மாறுகின்றன. அது நமக்கு விலக்கப்பட்டது. அப்படியிருக்க, அந்தத் தோட்டக்காரரின் துயரில் நமக்கென்ன பங்கு என்று உறவினரின் மகன் வினவினார். நியாயமான கேள்விதான். ஆனால் உலகைச் சூடேற்றும் புகையில் நாம் ஏறிவந்த காரின் புகையும் கலந்திருக்கிறதே! அவர் விளைவிப்பதை நாம் அருந்தாமல் இருக்கலாம்; அவருடைய தளிர் கருகியதில் நம் பங்கு இல்லை என்று கூறிவிட இயலாது. இதைச் சொன்னபோது அவ்விளைஞர் மறுப்பேதும் கூறவில்லை.