கடலில் போடுவதற்கு முன்



வீடு சந்திக்க வரும்போது உங்களில் சிலர் பழைய மனஸ்தாபங்களைப் பற்றிச் சொல்வதுண்டு: “அதையெல்லாம் அப்போதே தலைமுழுகிவிட்டோம், ஐயா.” ஆனால் பாகப்பிரிவினையோடு பேச்சு நின்றுபோன சகோதரர்களின் பிள்ளைகள், ஆராதனை முடிந்ததும் இன்றும் வெவ்வேறு வாசல் வழியாகவே வெளியேறுகிறார்கள். (எந்தக் குடும்பம் என்று தேட வேண்டாம், ஒன்றுக்கு மேல் உண்டு.)

நம் சபையில் வளர்ந்து அமெரிக்காவில் பணிபுரியும் தம்பி ஒருவர், காற்று உருளையை முதுகில் சுமந்து கடலுக்குள் இறங்கிப் பார்த்த கப்பலைப் பற்றி அண்மையில் தொலைபேசியில் சொன்னார். புளோரிடாவின் பென்சகோலா நகருக்கு அப்பால் கிடக்கும் ‘ஒரிஸ்கனி’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் அது. கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் குண்டுவீச்சு விமானங்களை அனுப்பிய கப்பல், இன்று செயற்கைப் பவளத்திட்டாக, மீன்களின் வீடாக இருக்கிறது. தரை 65 மீட்டர் ஆழத்தில். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு எல்லை 40 மீட்டர். ஆகவே கப்பலின் கோபுரம் வரைக்குமே அவர் சென்றார். இரும்புத் தகடு தெரியாதபடி கடலுயிர்கள் ஒட்டி வளர்ந்திருக்க, கூட்டங்கூட்டமாக மீன்கள் தம்மைச் சுற்றி வந்ததை வியந்து வியந்து சொன்னார்.

என் மனம் தங்கியது வேறோரிடத்தில். 2004-இல் பென்சகோலாவுக்கு இழுத்துவரப்பட்ட அக்கப்பல், 2006 மே 17 அன்றுதான் மூழ்கடிக்கப்பட்டது. எரிபொருளும் எண்ணெயும் அகற்றப்பட வேண்டியிருந்தது. மின்கம்பி உறைகளில் ஊறியிருந்த பிசிபி என்னும் நச்சுப்பொருளை என்ன செய்வது என்ற ஆய்வு நீண்டது. முழுவதையும் எடுக்க இயலவில்லை. ஏறத்தாழ 300 கிலோ உள்ளேயே இருக்கிறது என்று கணக்கிட்டு, அதை எழுதிவைத்து, அதன் விளைவையும் ஆராய்ந்த பின்னரே அனுமதி தரப்பட்டது. இத்தனை ஆயத்தத்துக்குப் பின் கப்பல் மூழ்க எடுத்துக்கொண்ட நேரம் 37 நிமிடங்கள்.

அதே புளோரிடாவின் மறுகரையில், ஃபோர்ட் லாடர்டேல் அருகே, 1970-களின் தொடக்கத்தில் மீன்களுக்கு வீடு என்ற நல்லெண்ணத்தோடே சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இறக்கினார்கள். கட்டிய கம்பிகள் துருப்பிடித்து அறுந்தன. புயல் வந்தபோதெல்லாம் டயர்கள் உருண்டு, அருகே உயிரோடிருந்த இயற்கைப் பவளத்தின்மேல் மோதி அதை அழித்தன. பல ஆண்டுகளுக்குப் பின் முக்குளிப்போர் இறங்கி அவற்றை மேலே எடுக்க வேண்டியதாயிற்று. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்போரை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம். கடல், போட்டதைப் போட்டபடியே வைத்திருக்கும். அல்லது அயலாரின்மேல் உருட்டிவிடும்.

ஒரிஸ்கனிக்கே இன்னொரு நினைவும் உண்டு. 1966 அக்டோபர் 26 அன்று, கையாளும்போது தவறுதலாகப் பற்றிக்கொண்ட ஒரு மக்னீசிய ஒளிக்குண்டைக் கடலில் எறியாமல், மற்ற குண்டுகள் இருந்த அறைக்குள்ளேயே எறிந்து கதவை அடைத்துவிட்டார்கள். 44 பேர் மாண்டனர், பெரும்பாலோர் புகையினால். பதறிய கை செய்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அடைத்த அந்தக் கதவை நினைக்கும்போது, நம்மில் சில வீடுகளின் அமைதி எனக்கு அச்சமூட்டுகிறது.

மீகா தீர்க்கதரிசி பேசும் கடலாழத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே போடுகிறவர் தேவன். அறிந்து, எண்ணி, மன்னித்துப் போடுகிறார். நாமோ பெயர்கூடச் சொல்லாமல் அவசரமாகத் தள்ளிவிடுகிறோம். அந்தப் பத்திரத்தில் யாருக்கு என்ன அநியாயம் நடந்தது, அம்மாவின் கடைசி நாட்களில் யார் வரவில்லை, அடக்க ஆராதனையன்று யார் என்ன சொன்னார் என்பதையெல்லாம் ஒருமுறையாவது வாய்திறந்து சொல்லுங்கள். எல்லாமே தீராது, தீராததையும் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

செவ்வாய், வியாழன் மாலைகளில் நான் ஆலய அலுவலகத்தில் இருப்பேன். தனியாகவும் வரலாம், அண்ணனையோ தம்பியையோ அழைத்துக்கொண்டும் வரலாம்.