குளிசை எண்ணும் கை

மதுரையில் மெடிக்கல் ஷாப்பில் நின்ற ஆறு வருசத்தில் நான் மாத்திரை எண்ணியதே இல்லை. அட்டைதான் வெட்டியிருக்கிறேன். பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால் கத்தரிக்கோலை எந்த ஓரத்தில் வைக்க வேண்டும் என்று கைக்கே தெரியும். பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரி தேதியும் அச்சடித்த ஓரம் கடையில் தங்க வேண்டும். எதிர் ஓரத்திலிருந்துதான் வெட்டு விழ வேண்டும். வெட்டியதைப் பழுப்புக் கவரில் போட்டு மேலே 1-0-1 என்று எழுதினால் வேலை முடிந்தது. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகூட அந்த மூன்று எண்ணைப் படித்துவிடுவார். அந்தக் கை வேகத்தில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு.

கனடா வந்து, டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் ஒரு சின்ன ஃபார்மசியில் அசிஸ்டென்டாகச் சேர்ந்த முதல் நாள், ஐந்நூறு மாத்திரை அடங்கிய பெரிய டப்பா ஒன்றையும் ஒரு தட்டையும் என் முன்னால் வைத்தார்கள். மெட்ஃபார்மின் 500. தொண்ணூறு எண்ண வேண்டும். தட்டில் கொட்டி விரலால் இரண்டிரண்டாகத் தள்ள ஆரம்பித்தேன். முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. நான் தொட்டதையெல்லாம் ஒதுக்கி, அழிக்க வேண்டிய மருந்துகள் போடும் வாளியில் கொட்டிவிட்டு, ஸ்பாட்டுலாவை என் கையில் வைத்தார்.

அவர் எகிப்துக்காரர். எனக்குப் பல வருசம் முன்னால் இதே வழியில் வந்தவர். அவர் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஸ்பாட்டுலாவின் நுனி மாத்திரைக் குவியலுக்குள் போகும்; ஐந்து மட்டும் பிரிந்து வரும். ஐந்து, பத்து, பதினைந்து என்று தட்டின் ஓரத்துக் குழிக்குள் விழும் சத்தம் ஒரே சீராக இருக்கும். ஒரு முறை நாலு வந்தால் கை தானாக நிற்கும். கண்ணால் ஒரே பார்வையில் பிடிபடும் எண்ணிக்கை ஐந்து. ஆறு ஆனால் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும், கணக்குப் போட்டால் பிசகும் என்பார். பென்சிலினோ சல்ஃபாவோ எண்ணினால் தட்டை ஆல்கஹாலால் துடைக்காமல் அடுத்த மருந்தைத் தொட விடமாட்டார். தட்டில் ஒட்டிய அந்த வெள்ளைத் தூள், பென்சிலின் ஆகாத ஒருவரின் டப்பிக்குள் போய்விடக்கூடாது. போதை மருந்து வகை என்றால் இரண்டு முறை எண்ணி, பெரிய டப்பாவில் மிச்சம் இருப்பதையும் எண்ணிக் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணி முடித்ததும் பெரிய டப்பாவை உடனே ரேக்கில் வைக்கக் கூடாது. நோயாளிக்குரிய பழுப்பு டப்பியோடு ஒரே கூடையில் நிற்க வேண்டும். ஃபார்மசிஸ்ட் வந்து டப்பாவில் இருக்கும் எட்டு இலக்க மருந்து எண்ணையும் லேபிளையும் டாக்டர் சீட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, டப்பியைத் திறந்து மாத்திரை மேல் பொறித்த எழுத்தையும் பார்த்த பிறகுதான் அது ரேக்குக்குப் போகும். நான் அவசரப்பட்டு டப்பாவை எடுத்து வைத்த நாளெல்லாம் அவர் என்னை மறுபடி எடுத்துவரச் சொல்லி, முதலிலிருந்து எண்ண வைத்தார்.

இங்கே வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது பரீட்சையைப் பற்றித்தான். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடா ஃபார்மசி தேர்வு வாரியத்தில் முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு. பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலும் நம் மாநில ஃபார்மசி கவுன்சிலின் கடிதமும் அங்கிருந்தே போய்ச் சேர வேண்டும். ஊரை விட்டுக் கிளம்புமுன் இதற்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள். பிறகு மதிப்பீட்டுத் தேர்வு, அதன் பின் தகுதித் தேர்வு இரண்டு பகுதி: ஒன்று கேள்விக்கு விடை தேர்ந்தெடுப்பது, மற்றது நோயாளி போல் நடிக்கும் ஆளிடம் நேருக்கு நேர் பேசுவது. ஒன்டாரியோவில் சட்டத் தேர்வும், பணியில் வைத்து மதிப்பிடும் கட்டமும் தனி. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்றே ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது. எனக்கு எல்லாம் சேர்த்து நாலு வருசம் ஆனது.

படித்து எழுதும் தேர்வுகளில் நம் பிள்ளைகள் தேறிவிடுவார்கள். மருந்தியலில் நம் கல்லூரிகள் போட்ட அடித்தளம் நல்ல அடித்தளம். நான் விழுந்தது பேசும் தேர்வில். முதல் தடவை தோற்றேன். தேர்வுக்குள் என்ன வந்தது என்று வெளியே சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஏன் தோற்றேன் என்பது அப்புறம் பயிற்சிக் குழுவில்தான் புரிந்தது.

நாங்கள் நாலு பேர். பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான், எகிப்து, நான். ஒரு வீட்டு பேஸ்மென்டில் வாரம் இரண்டு நாள் கூடுவோம். ஒருவர் நோயாளி, ஒருவர் ஃபார்மசிஸ்ட், மற்ற இருவர் கடிகாரமும் குறிப்பேடும். ஒரு நாள் பிலிப்பைன்ஸ் தோழி வறட்டு இருமல் என்று வந்தாள். ஒரு நிமிசம் ஆகவில்லை. எந்த சிரப், எத்தனை மில்லி, எத்தனை நாள் என்று தடுமாறாமல் சொல்லி முடித்துவிட்டேன். அவள் சிரித்துவிட்டுக் கையிலிருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினாள். அவளுக்கு ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாதமாக ராமிப்ரில். அந்த மாத்திரையே வறட்டு இருமலைக் கொண்டுவரும். இதைப் பரீட்சைத் தாளில் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சரியாக எழுதியிருப்பேன். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவளிடம் கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. மதுரைக் கடையில் கவுண்ட்டருக்கு முன்னால் இருபது பேர் நிற்பார்கள். அங்கே கேட்டது கிடைத்தால்தான் கடை. அங்கே பழகிய கை, வாய் திறக்கும் முன்னாலேயே ரேக்கை நோக்கிப் போய்விடும்.

முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை ஒரு வாரம் எண்ணும் வேலையிலிருந்து எடுத்து, மருந்து வாங்க வருபவர்களோடு அவர் பேசும்போது பக்கத்தில் நிற்க வைத்தார். மூன்றே கேள்விதான் கேட்பார். இந்த மருந்து எதற்கு என்று டாக்டர் சொன்னார்? எப்படிச் சாப்பிடச் சொன்னார்? சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொன்னார்? கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் நான் கற்றுக்கொள்ள அதிக நாள் பிடித்தது. பதில் வரும்வரை அவர் கை டப்பி மூடியிலேயே இருக்கும். பிறகு மூடியை அமுக்கித் திருகித் திறந்து மாத்திரையை அவர்களிடமே காட்டுவார்: இதுதானே வழக்கமாக வாங்குவது?

அந்த வாரத்திலேயே என் பிழை ஒன்று அவர் கேள்வியில் மாட்டியது. ஃபேக்ஸில் வந்த சீட்டு, கோணல் எழுத்து. நான் லாசிக்ஸ் 20 என்று படித்துக் கணினியில் ஏற்றியிருந்தேன். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை. லாசிக்ஸ் 20 மில்லிகிராமில் வரும் என்பதால் அளவை வைத்தும் சந்தேகம் வரவில்லை. கூடையைச் சரிபார்க்கும்போதே முதலாளி அந்தச் சீட்டை இரண்டு முறை பார்த்தார். எதற்கு என்று டாக்டர் சொன்னார் என்று அவர் கேட்க, மருந்து வாங்க வந்தவர் நெஞ்சைத் தடவி, "எரிச்சல், சாப்பிட்டபின் புளித்துக்கொண்டு மேலே வருகிறது" என்றார். சீட்டில் இருந்தது லோசெக், அந்த எரிச்சலுக்கான மருந்து. அதுவும் 20 மில்லிகிராமில் வரும். டாக்டருக்குப் போன் செய்து உறுதி செய்தோம். இந்த இரண்டு பெயரும் குழம்புகிறது என்பதற்காகவே அமெரிக்காவில் 1990இல் லோசெக்கை பிரைலோசெக் என்று மாற்றினார்கள். கனடாவில் பழைய பெயரே நிற்கிறது. முதலாளி என்னைத் திட்டவில்லை. அந்தச் சீட்டின் நகலில் நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு, என் மேசைக்கு நேரே ஒட்டிவைத்தார். அது பல வருசம் அங்கேயே இருந்தது.

லேபிள் எழுதுவதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வந்தால் "வாரம் ஒருமுறை" என்று மட்டும் அச்சடிக்க விடமாட்டார். எந்தக் கிழமை என்று கேட்டு, "திங்கட்கிழமை மட்டும்" என்று போட வைப்பார். தினமும் மாத்திரை போட்டுப் பழகியவர் கண்ணுக்கு "வாரம்" என்ற சொல் தெரியாது. கிழமையின் பெயர் தெரியும். அந்த மாத்திரையைத் தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. என் 1-0-1 பழக்கம் இங்கே எவ்வளவு போதாது என்று அன்று விளங்கியது.

இன்னொன்று, அளவை. இன்டர்னாக இருந்தபோது ஒரு தாய் காய்ச்சல் குழந்தைக்கு ஐபுப்ரோஃபென் சிரப் கேட்டு வந்தார். இப்போது நான் கேள்வி கேட்கப் பழகியிருந்தேன். வயது, ஒவ்வாமை, வேறு மருந்து எல்லாம் கேட்டு, எடை என்ன என்றேன். முப்பத்து மூன்று என்றார். கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆக 330. ஐந்து மில்லியில் 100 இருக்கும் சிரப், ஆக பதினாறரை மில்லி என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து முதலாளி, "குழந்தையைப் பார்" என்றார். தள்ளுவண்டியில் மூன்று வயதுப் பொடிசு, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தது. முப்பத்து மூன்று கிலோ ஆகுமா அது? தாய் சொன்னது பவுண்டு. கிலோவில் பதினைந்து. கொடுக்க வேண்டியது ஏழரை மில்லி. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நான் தலையைத் தூக்கிப் பார்க்காததுதான் தப்பு. இன்றைக்கும் குழந்தை மருந்து என்றால் பவுண்டா கிலோவா என்று கேட்டு, 2.2ஆல் வகுத்து, பிறகு குழந்தையையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வேன். அசிட்டமினோஃபென் என்ற பெயரில் இங்கே விற்கும் பாராசிட்டமாலிலும் இதே கவனம் வேண்டும். கைக்குழந்தைச் சொட்டு மருந்து ஒரு மில்லியில் 80 மில்லிகிராம். பெரிய பிள்ளைகளின் சிரப் ஐந்து மில்லியில் 160. சொட்டு மருந்து இரண்டரை மடங்கு கெட்டி. எந்தப் பாட்டில் வீட்டில் இருக்கிறது என்று கேட்காமல் மில்லி சொல்லவே கூடாது.

சர்க்கரை அளவும் அப்படியே. நமக்கு 126, 180 என்றால்தான் மனசில் பதியும். இங்கே 7, 10 என்பார்கள். நம் எண்ணை 18ஆல் வகுத்தால் இவர்கள் எண். முதல் ஒரு வருசம் இந்தப் பதினெட்டாம் வாய்ப்பாட்டை பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலம் வராதே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு ஸ்கார்பரோவில் தமிழே புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. எங்கள் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத் தமிழர். ஒரு அம்மா "பிரஷர் குளிசை முடிஞ்சுது" என்றபோது நான் விழித்தேன். குளிசை என்றால் மாத்திரை. தடிமன் என்றால் சளி பிடிப்பது. சத்தி என்றால் வாந்தி. தலையிடி, வயித்தாலை போகுது, சீனி வருத்தம் என்று ஒவ்வொன்றாகச் சின்ன நோட்டில் எழுதிவைத்தேன். வருத்தம் என்றால் நோய் என்று தெரியாமல், "எனக்கு வருத்தம்" என்றவருக்கு ஆறுதல் சொன்ன நாளும் உண்டு. அவர் காய்ச்சலோடு நின்றுகொண்டிருந்தார்.

உரிமம் வாங்கிய முதல் வருசம், ஐப்பசி மாதம். பழக்கமான ஒரு அம்மா மாதாந்த மருந்து எடுக்க வந்தார். சர்க்கரைக்கு டயமைக்ரான், காலையில் ஒன்று. மூன்று கேள்வியும் கேட்டேன், சரியாகப் பதில் சொன்னார். டப்பியைக் கொடுக்கும்போது அவர் விரல் நடுங்கியது.

"கை நடுங்குதேம்மா?"

"ரண்டு நாளா அப்பிடித்தான் பிள்ளை. வேர்க்குது, கண் இருட்டுது. விரதம் எண்டா அப்பிடித்தானே."

"என்ன விரதம்?"

"கந்தசஷ்டி. ஆறு நாளும் சாப்பிடுறேல்லை. பின்னேரம் பாலும் பழமும் மட்டும்."

"காலையில இந்தக் குளிசை?"

"பின்னை? டொக்டர் ஒவ்வொரு நாளும் போடச் சொன்னவர் எல்லோ."

உட்கார வைத்து விரலில் குத்திப் பார்த்தேன். 3.4. நம் கணக்கில் அறுபத்தொன்று. நாலுக்குக் கீழே போனால் உடனே பதினைந்து கிராம் சர்க்கரை உள்ளே போயாக வேண்டும். ஆப்பிள் ஜூஸ் 150 மில்லி ஊற்றி நீட்டினேன். வாங்க மறுத்தார். முருகனுக்கு நேர்ந்தது, நாலாம் நாளில் முறிக்கக் கூடாது என்றார். நான் வாதாடவில்லை. இதுவும் பழச்சாறுதானம்மா, உங்கள் விரதத்தில் பழம் உண்டே, பின்னேரம் எடுப்பதை இன்றைக்குக் கொஞ்சம் முந்தி எடுக்கிறீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு நெற்றியைத் தொட்டுக்கொண்டு குடித்தார். பதினைந்து நிமிசம் கழித்து மறுபடி பார்த்தேன், 5.2. அவர் அங்கேயே இருக்கும்போது டாக்டரைக் கூப்பிட்டு, மிச்ச விரத நாட்களுக்கு அந்தக் குளிசையை நிறுத்த ஒப்புதல் வாங்கினேன். இத்தனை மாதம் அவரிடம் மூன்று கேள்வி கேட்டிருக்கிறேன். விரதம் உண்டா என்ற நாலாவது கேள்வியை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, எகிப்து முதலாளிக்கும் தெரியாது. அவர் ரமலான் நோன்புக்காரர்களிடம் கேட்கப் பழகியிருந்தார். நம் சஷ்டியும் ஏகாதசியும் நான்தான் கேட்க வேண்டும். அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் விரத நாட்களும் இருக்கின்றன.

2023 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் பதின்மூன்று சிறு உபாதைகளுக்கு ஃபார்மசிஸ்டே மருந்து எழுதலாம். அதே வருசம் இன்னும் சில சேர்ந்தன. பலர் இதைக் கௌரவமாகப் பேசுகிறார்கள். எனக்கு இது கேள்வி கேட்கும் பொறுப்பு இன்னும் கூடியதாகவே படுகிறது.

இப்போது எங்கள் கடையில் கோவையிலிருந்து வந்த தங்கை ஒருத்தி அசிஸ்டென்டாக இருக்கிறாள். எண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டேன், நாலு வந்தால் அவள் கை நிற்கத் தொடங்கியிருக்கிறது. போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் அந்தச் சஷ்டி விரத அம்மா கடைக்கு வந்தார். கூடவே இன்னொரு அம்மா, கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"இவவும் சஷ்டி பிடிக்கிறா, பிள்ளை. நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். இவவின்ரை குளிசையளையும் ஒருக்கால் பாருங்கோ."

பையை கவுண்ட்டரில் கவிழ்த்தோம். ஒன்பது டப்பிகள். கோவைத் தங்கை தட்டைத் துடைத்து எடுத்து வந்தாள்.