பரிசு கொடுத்தால் ஏறும் மார்க்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. வந்து படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிடுவார். பிள்ளையைக் கவனிப்பது என் பாடு.

பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். ஒருநாள் ராத்திரி அவன் கம்ப்யூட்டரில் வாள் சண்டை நின்று, ஒரு பெண்ணோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் மூடப் போனான். "மூடாதே, என்னன்னு சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நாமே ஒரு பாத்திரமாகி ஆடும் கதை விளையாட்டாம். 2009-ல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்'. கூட வருகிறவர்களுக்குப் பிடித்த மாதிரி பேசினால், பரிசு கொடுத்தால், அவர்கள் பிரியம் மார்க் போல ஏறும். ஏறி ஏறிக் காதல், அப்புறம் படுக்கையறைக் காட்சி.

எனக்குத் திக்கென்றது. காட்சிக்காக இல்லை, சினிமாவில் பார்க்காததா? போன மாதம் கூடப் படிக்கிற பெண்ணுக்கு ஒரு தோல் கைப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவள் திருப்பித் தந்துவிட்டாள். "இவ்ளோ செஞ்சும் பேச மாட்டேங்கிறாம்மா" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த முனகல் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது.

அவனே இன்னொன்றும் சொன்னான். 2014 நவம்பரில் வந்த 'இன்க்விசிஷன்' என்ற மூன்றாம் பாகத்தை, உள்ளூர்ச் சட்டத்தைக் காரணம் காட்டி இ.ஏ. கம்பெனி இந்தியாவில் விற்காமல் நிறுத்தி, முன்பதிவுப் பணத்தைத் திருப்பித் தந்ததாம். ஆணை ஆண் காதலிக்கும் கதையும் அதில் உண்டு. அதனால்தான் என்று பலர் பேசிக்கொண்டார்கள். அதில் டோரியன் ஆண்களை மட்டுமே விரும்புவான். கஸாண்ட்ரா பெண்களை விரும்ப மாட்டாள். எத்தனை தேனொழுகப் பேசினாலும் மாறாது.

"இதைத்தான்டா முதல்ல கத்துக்கணும்" என்றேன்.

ஆனால் மறுக்கிற பெண்ணை யார் விளம்பரம் செய்கிறார்கள்? 2023 ஜூலையில் 'பால்டர்ஸ் கேட் 3'-க்காக, கரடியாக உருமாறினவனோடு ஒரு காதல் காட்சியை நேரலையில் காட்டினார்கள். டிக்டாக் அதைத் தடுத்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்? அந்த விளையாட்டில் நிர்வாணத்தை மறைக்க அமைப்பில் வசதி உண்டு. அம்மாமார்கள் தெரிந்துகொள்ளலாம்.

மறுநாள் காபி குடிக்கும்போது, "அவகிட்ட ஸாரி சொல்லட்டுமாம்மா?" என்றான்.

"ஒரு தடவை சொல்லு. பதிலுக்கு நிக்காதே."

சொல்லிவிட்டு வந்தானாம். அந்தக் கைப்பை இப்போது என்னிடம். கீரை வாங்கப் போகும்போது எடுத்துப் போகிறேன்.